மருந்தடிக்கும் கூலியாளின் பாதுகாப்பு: நிலத்துக்காரர் செய்ய வேண்டியவை



சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் ரயிலில் அம்பத்தூருக்கு அடுத்த நிலையம் திருமுல்லைவாயில். தொண்டைமான் ஏறி வந்த யானை முல்லைக் கொடிகளில் சிக்கிக்கொண்டதாகத் தலபுராணம் சொல்லும் ஊர் அது. இன்று அங்கே முல்லைக்காடு இல்லை. ஒருபுறம் அம்பத்தூர் தொழிற்பேட்டை, மறுபுறம் ஆவடி, ஊருக்குள்ளேயே மகளிர் தொழிற்பேட்டை என்று சுற்றிலும் பட்டறைகளும் ஆலைகளும் நிறைந்துவிட்டன. ஆனாலும் ஆவடியைத் தாண்டி வடக்கேயும் மேற்கேயும் சென்றால் நெல்லும், கத்தரியும், கீரையும், மல்லிகையும் இன்றும் விளைகின்றன. வாரத்தில் ஆறு நாள் பட்டறையில் வேலை செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வயலில் கூலிக்கு மருந்தடிக்கப் போகிறவர்களும் இப்பகுதியில் உண்டு.

அப்படிப்பட்ட ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கத்தரித் தோட்டத்தில் பார்த்தேன். லுங்கியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, முதுகில் தெளிப்பானைச் சுமந்து நின்றார். மூடியின் ஓரத்திலிருந்து மருந்து கசிந்து அவருடைய முதுகும் இடுப்பும் நனைந்திருந்தன. பேச்சுவாக்கில் அவர் அம்பத்தூரில் ஒரு பிரஸ் பட்டறையில் வேலை செய்கிறார் என்று தெரிந்தது. அங்கே காலணியும் கண்ணாடியும் கையுறையும் போடுவீர்களா என்று கேட்டேன். “அங்க போடலன்னா உள்ளயே விட மாட்டாங்க சார். இங்க யாரு கேக்கறாங்க?” என்றார்.

அன்று பகல் 11 மணிக்கு அவர் வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். உடம்பெல்லாம் வியர்வை, வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. பக்கத்து வயல்காரர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன மருந்து அடித்தார்?” என்பதுதான். யாருக்கும் தெரியவில்லை. கடைக்காரர் கொடுத்ததை வாங்கிக் கலக்கிவிட்டு, புட்டியை வாய்க்காலில் எறிந்திருந்தார்கள். ஒருவர் திரும்ப ஓடி, புட்டியைத் தேடி எடுத்துவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நல்லவேளையாக அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு மாதம் பட்டறைக்கும் போக முடியவில்லை, வயலுக்கும் போக முடியவில்லை.

அந்த நிலத்துக்காரர் கெட்டவர் அல்லர். கூலியைக் குறைக்காமல் கொடுப்பவர். காலையில் டிபனும் டீயும் வாங்கிக் கொடுத்திருந்தார். “பத்து வருசமா அடிக்கிறவருதான் சார், அவருக்குத் தெரியாததா?” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தவறு இந்த எண்ணத்தில்தான் இருக்கிறது. மருந்தடிப்பவருக்குத் தெரியும், அவர் பார்த்துக்கொள்வார் என்று நாம் விட்டுவிடுகிறோம். எந்த மருந்து, எந்த நேரம், எந்தத் தெளிப்பான், எத்தனை டேங்க் என்று எல்லாவற்றையும் முடிவு செய்பவர் நிலத்துக்காரர். அன்றைய கூலி வேண்டும் என்பதால் கூலியாள் மறுத்துப் பேசமாட்டார். ஆகவே அவருடைய பாதுகாப்பும் முடிவு செய்பவரின் பொறுப்பே ஆகும்.

நீங்களும் ஒரு முதலாளியே

“முதலாளி” என்றால் ஆலை வைத்திருப்பவர் என்று நினைக்கிறோம். அரை ஏக்கர் வைத்திருப்பவரானாலும், ஒரே ஒரு ஆளை ஒரே ஒரு நாள் கூலிக்கு அழைத்தால், அந்த ஒரு நாளைக்கு நீங்கள் வேலை கொடுப்பவர். அவர் உங்கள் தொழிலாளி. ஆலைக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். பிரஸ்ஸில் காப்பு இருக்கிறதா, சுழலும் பகுதிகளுக்கு மறைப்பு இருக்கிறதா என்று கேட்பார்கள். உங்கள் வயலுக்கு அப்படி யாரும் வருவதில்லை. வராத அந்த அதிகாரியின் கண்ணும் நீங்களாகவே இருக்க வேண்டும்.

வேளாண்மை ஆபத்தில்லாத தொழில் என்று எண்ண வேண்டாம். சுரங்கம், கட்டடம், வேளாண்மை ஆகிய மூன்றும் உலகில் மிக ஆபத்தான தொழில்கள் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு சொல்கிறது. வேளாண் தொழிலாளரின் பாதுகாப்புக்கென்றே 2001ஆம் ஆண்டில் ஒரு தனி உடன்படிக்கையை அந்த அமைப்பு உருவாக்கியது.

சட்டம் என்ன சொல்கிறது?

1958ஆம் ஆண்டில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பெருந்துயரம் ஒன்று நிகழ்ந்தது. ஃபோலிடால் என்ற பூச்சிக்கொல்லியை உணவுப் பொருள்களோடு சேர்த்துக் கப்பலில் ஏற்றி வந்தபோது, அது கசிந்து உணவில் கலந்துவிட்டது. அந்த உணவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் எழுந்த விசாரணைகளின் தொடர்ச்சியாக 1968ஆம் ஆண்டில் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971ஆம் ஆண்டில் அதற்கான விதிகளும் வந்தன.

இந்த விதிகள் மருந்து செய்யும் ஆலைக்கு மட்டும் உரியவை அல்ல. தயாரிப்பவர், ஏற்றிச் செல்பவர், விற்பவர் ஆகியோரோடு வயலில் தெளிப்பவருக்கும் தகுந்த பாதுகாப்பு உடை இருக்க வேண்டும் என்கின்றன. மேலுடை, தலைக்கு மூடி, முன்கையின் பாதிவரை வரும் ரப்பர் கையுறை, கண்ணாடி, பூட்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்கின்றன. மூச்சுக் கவசம், முதலுதவி, மாற்று மருந்து, தொழிலாளிக்குப் பயிற்சி, காலிப் புட்டிகளை அழித்தல் ஆகியவற்றுக்கும் விதிகள் இருக்கின்றன.

அடுத்தது இழப்பீடு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே, வேளாண்மையில் பூச்சி மருந்து தெளிப்போரும் தூவுவோரும், இயந்திரத்தால் அறுவடையும் கதிரடிப்பும் செய்வோரும், டிராக்டர் போன்ற விசை இயந்திரங்களால் உழவு செய்வோரும் சேர்க்கப்பட்டிருந்தனர். அச்சட்டத்தின் இடத்தில் இன்று இருப்பது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம். அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், பொதுவாக 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்தும். ஆனால் இழப்பீட்டுப் பொறுப்புக்கு அந்த 10 பேர் கணக்கு இல்லை.

இழப்பீடு எவ்வளவு வரும்? வேலையால் ஒருவர் இறந்தால், அவருடைய மாத ஊதியத்தில் பாதியை, அவர் வயதுக்கு உரிய ஒரு பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. மாத ஊதியம் 12,000 ரூபாய் என்று கொண்டால், பாதி 6,000, அதை 184.17ஆல் பெருக்கினால் 11,05,020 ரூபாய். நிலையான முழு ஊனம் ஏற்பட்டால் பாதிக்குப் பதிலாக ஊதியத்தில் 60 விழுக்காட்டை எடுத்துப் பெருக்குவார்கள். ஒரு சிறு விவசாயியின் பல ஆண்டு வருமானம் இது. கையுறைக்கும் கண்ணாடிக்கும் ஆகும் சில நூறு ரூபாயை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இழப்பீட்டுப் பணம் எவ்வளவாக இருந்தாலும் அது ஒரு வீட்டுக்கு ஆண்மகனைத் திருப்பித் தராது. 2017ஆம் ஆண்டில் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தனர். அவர்களில் பலர் கூலிக்குத் தெளித்தவர்கள். அந்த ஆண்டு செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தன. பல மருந்துகளைக் கலந்து விசைத்தெளிப்பானால் தலைக்கு மேலே பீய்ச்சினர். காப்பு உடை ஏதும் இல்லை. தெளித்த மருந்து தெளித்தவர் மேலேயே இறங்கியது.

நஞ்சு உடலுக்குள் நுழையும் வழி

நாம் அதை “மருந்து” என்று சொல்லிப் பழகிவிட்டோம். சொல் மென்மையாக இருப்பதால் பயமும் குறைந்துவிட்டது. மூக்கை ஒரு துண்டால் கட்டிவிட்டால் போதும் என்பது பலரது எண்ணம். மூச்சு வழியாகவும் வாய் வழியாகவும் நஞ்சு நுழைவது உண்மையே. ஆனால் வயலில் தெளிப்பவருக்குப் பெரும்பாலும் தோல் வழியாகத்தான் நஞ்சு ஏறுகிறது.

உடலில் எல்லா இடத்துத் தோலும் ஒன்றுபோல் இல்லை. பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை வைத்து 1970களின் தொடக்கத்தில் மனிதரிடம் நடத்திய ஆய்வில், முன்கைத் தோலில் பட்ட மருந்தில் சுமார் 9 விழுக்காடு உடலுக்குள் சென்றது. தலைத்தோலில் அது 32 விழுக்காடு, நெற்றியில் 36, அக்குளில் 64. விதைப்பையின் தோலில் பட்டது ஏறக்குறைய முழுவதும் உள்ளே சென்றது. இப்போது முதுகில் தெளிப்பான் கசிந்து லுங்கி நனைவதை எண்ணிப் பாருங்கள். உடலில் எந்த இடம் மருந்தை மிகுதியாக உறிஞ்சுமோ, அந்த இடத்தில் மருந்து தோய்ந்த துணியை மணிக்கணக்காகச் சுற்றி வைத்திருக்கிறோம். ஒழுகும் தெளிப்பானோடு ஆளை வயலில் இறக்குவது, முகத்துக்கு நேரே தெளிப்பதைவிடக் குறைந்த ஆபத்து அல்ல.

மருந்தைக் கலக்கும் நேரமும் கவனத்துக்குரியது. அப்போது கையாள்வது நீர் சேராத முழு வீரிய மருந்து. அதில் ஒரு சிறங்கை கையில் கொட்டுவது, கலந்த மருந்து பல லிட்டர் படுவதற்குச் சமம்.

ஆலையில் பின்பற்றும் வரிசை

தொழிற்சாலைப் பாதுகாப்பில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தையே நீக்க முடியுமா என்று பார்ப்பார்கள். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்ததை அதன் இடத்தில் வைப்பார்கள். பிறகு கருவியைச் சரிசெய்வார்கள். பிறகு வேலை முறையை மாற்றுவார்கள். முகமூடியும் கையுறையும் கடைசியில்தான் வரும். நாமோ “மாஸ்க் கொடுத்தாயிற்று” என்பதோடு முடித்துவிடுகிறோம். அந்த வரிசையை வயலுக்குக் கொண்டுவருவோம்.

1. தேவையில்லாமல் தெளிக்காதீர்கள். பூச்சியைக் கண்டவுடன் மருந்து என்பது தவறு. சேதம் பொருளாதார நிலையை எட்டினால் மட்டுமே மருந்து. நெல்லில் குருத்துப் பூச்சிக்கு, வளரும் பருவத்தில் 10 விழுக்காடு குருத்துக் காய்ந்திருந்தால், அல்லது கதிர்ப் பருவத்தில் 2 விழுக்காடு வெண்கதிர் இருந்தால் மட்டுமே தெளிக்கலாம். கத்தரியில் தாக்கப்பட்ட தண்டையும் காயையும் கிள்ளி அழித்தல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல், மல்லிகையில் உதிர்ந்த மொட்டுகளைப் பொறுக்கி அழித்தல் ஆகியவை பூச்சியையும் குறைக்கும், செலவையும் குறைக்கும். ஒருமுறை தெளிப்பதைக் குறைத்தால், கூலியாளுக்கு வரும் ஆபத்தில் ஒருமுறை முழுவதுமாக நீங்கிவிடுகிறது.

2. ஆபத்துக் குறைந்த மருந்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு புட்டியின் சீட்டிலும் காற்றாடிபோல் முனையில் நிற்கும் ஒரு சதுரம் உண்டு. அதன் கீழ்ப் பாதி முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள்.

சிவப்பு: மிகக் கொடிய நஞ்சு. மேலே மண்டை ஓடும் எலும்பும் இருக்கும்.
மஞ்சள்: கொடிய நஞ்சு.
நீலம்: நடுத்தர நஞ்சு.
பச்சை: நஞ்சு குறைவு.

இந்த நிறம் பூச்சி எவ்வளவு சாகும் என்பதற்கான அடையாளம் அன்று. மனிதனுக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்கான அடையாளம். “சிவப்புதான் நன்றாகக் கேட்கும்” என்று எண்ணி வாங்குவது அறியாமை. உங்கள் பூச்சிக்குப் பச்சை, நீல முக்கோண மருந்து பரிந்துரையில் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். வேளாண் விரிவாக்க மையத்தில் எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. சிவப்பு முக்கோணம் உடைய மானோகுரோட்டோபாஸ் 36 விழுக்காடு மருந்தை 2023ஆம் ஆண்டில் மைய அரசு தடைப் பட்டியலில் சேர்த்தது. பழைய புட்டி பரணில் இருந்தாலும் அதைக் கூலியாள் கையில் கொடுக்காதீர்கள். மூன்று நான்கு மருந்துகளை ஒன்றாகக் கலந்து அடிப்பதும் வேண்டாம்.

3. தெளிப்பானைச் சரிசெய்யுங்கள். முதல் நாள் மாலையே வெறும் நீர் ஊற்றி, அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். மூடியின் வாஷர், குழாய் இணைப்பு, கைப்பிடி வால்வு ஆகிய மூன்றிலும் ஒரு சொட்டும் கசியக் கூடாது. தோள்பட்டை வார் அறுந்திருந்தால் மாற்றுங்கள். நாசில் அடைத்தால் வாயை வைத்து ஊதும் பழக்கத்தை அடியோடு விடவேண்டும். மெல்லிய பிரஷ்ஷும், மாற்று நாசில் ஒன்றும் கையில் இருக்கட்டும். டேங்கை விளிம்புவரை நிரப்பக் கூடாது. குனியும்போது வழியும்.

4. வேலை முறையை மாற்றுங்கள். காலையிலும் மாலையிலும் வெயில் தணிந்த நேரத்தில், காற்று மெதுவாக இருக்கும்போது தெளிக்கச் சொல்லுங்கள். காற்றுக்கு எதிரே நடக்கக் கூடாது. தெளித்த வரிசைக்குள் திரும்ப நுழையாமல், தெளிக்காத பக்கமாக நகர்ந்து போக வேண்டும். மருந்தைக் கையால் கலக்காமல் நீண்ட குச்சியால் கலக்க வேண்டும். ஒரே ஆளை நாள் முழுவதும் தெளிக்க வைக்காதீர்கள். நாலைந்து மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அடுத்த நாளும் அவரையே அழைக்க வேண்டாம். தனியாக வயலில் விட்டுவிட்டு நீங்கள் டவுனுக்குப் போய்விடக் கூடாது. கண் பார்வையில் ஒருவர் இருக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர், கருவுற்ற பெண், பால் கொடுக்கும் தாய், கையில் காலில் புண் உள்ளவர் ஆகியோரை மருந்து வேலைக்கு வைக்காதீர்கள். காலையில் வெறும் வயிற்றோடும், குடித்துவிட்டும் வந்தவரை இறக்காதீர்கள்.

5. உடையும் கவசமும் கொடுங்கள். முழுக்கைச் சட்டை, கால்சட்டை, தொப்பி அல்லது தலைக்கட்டு, ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை, கண்ணாடி, சீட்டில் குறிப்பிட்ட மூச்சுக் கவசம், ரப்பர் பூட்ஸ் ஆகியவை வேண்டும். முதுகுக்கும் தெளிப்பானுக்கும் இடையே பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் கட்டுங்கள். இது செலவில்லாத பெரிய பாதுகாப்பு. துணிக் கையுறையும் தோல் கையுறையும் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; அவை ஆகா. மூக்கில் கட்டிய துண்டு நனைந்துவிட்டால் நஞ்சை மூக்கருகிலேயே பிடித்து வைக்கும். அதை நம்ப வேண்டாம். நம் வெயிலில் இவ்வளவும் போட்டால் மூச்சு முட்டும் என்பார்கள். உண்மைதான். ஆகவேதான் வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டும், இடையிடையே நிழலில் உட்கார விட வேண்டும் என்று முன்பே சொன்னேன்.

இந்தப் பொருள்களைக் கூலியாள் கொண்டுவரட்டும் என்று சொல்லாதீர்கள். மண்வெட்டியை அவர் கொண்டுவரலாம். மருந்து உங்களுடையது, அதற்கான கவசமும் உங்களுடையதே. நாலைந்து பங்காளிகள் சேர்ந்து இரண்டு தொகுப்பு வாங்கி வைத்துக்கொண்டால் செலவு பெரிதாகத் தெரியாது.

தெளித்த பிறகு

வேலை முடிந்தவுடன் அவர் சோப்புப் போட்டுக் குளிக்க நீரும் மறைவிடமும் கொடுங்கள். உடுத்தியிருந்த துணியை மாற்றாமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அந்தத் துணியை அவர் வீட்டில் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைப்பார்கள். நஞ்சு அங்கேயும் போகும். தனியாக, கையுறையோடு துவைக்க வேண்டும். குளிக்கும் முன் வெற்றிலை, பீடி, சாப்பாடு எதுவும் கூடாது.

தெளித்த வயலுக்குள் மறுநாள் இறங்குபவரையும் மறக்கக் கூடாது. விடியற்காலையில் மல்லிகை பறிக்கவரும் பெண்கள் வெறுங்கையால் ஆயிரக்கணக்கான மொட்டுகளைத் தொடுகிறார்கள். முதல் நாள் மருந்தடித்ததை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. சீட்டில் குறித்த காலம் வரையிலும், குறிப்பு ஏதும் இல்லாவிட்டால் ஒரு முழு நாளாவதும், யாரையும் உள்ளே விடாதீர்கள். நாள்தோறும் பூப்பறிக்க வேண்டிய தோட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்து, பறிப்பு நிறுத்தக்கூடிய பகுதியில் மட்டும் தெளியுங்கள். வரப்பில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும்.

காலிப் புட்டியை மூன்றுமுறை அலசி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிடுங்கள். பிறகு புட்டியில் ஓட்டை போட்டு, வீடும் நீர்நிலையும் இல்லாத இடத்தில் புதையுங்கள். எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ அதை எடுத்துவைக்கக் கூடாது. ஆனால் ஒன்று: தெளித்தவர் நலமாக வீடு திரும்பி, மறுநாளும் நலமாக இருக்கிறார் என்று தெரியும்வரை அந்தப் புட்டியைச் சீட்டோடு பூட்டிவைத்திருங்கள்.

நஞ்சேறினால் என்ன செய்வது?

தலைவலி, தலைசுற்றல், மிகுந்த வியர்வை, எச்சில் ஒழுகுதல், வாந்தி, வயிற்றுப் பிடிப்பு, பார்வை மங்கல், சதை துடித்தல், மூச்சுத் திணறல் ஆகியவை அறிகுறிகள். வெயில் மயக்கம் என்று எண்ணி நிழலில் படுக்க வைத்துக் காத்திருப்பதுதான் பல உயிர்களைக் கொண்டுபோகிறது.

உடனே வயலுக்கு வெளியே தூக்கி வாருங்கள். தூக்குபவரும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். நனைந்த துணி முழுவதையும் அவிழ்த்து, சோப்பும் மிகுந்த நீரும் கொண்டு உடலைக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் சுத்தமான நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். மயக்கமாக இருந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மோர், பால், புளிக் கரைசல், உப்பு நீர் எதுவும் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. நினைவு தப்பியவருக்கு அது நுரையீரலில் இறங்கிவிடும். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். புட்டியையும் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். பாஸ்பரஸ் வகை மருந்துகளுக்கு அட்ரோபின் ஊசி போடுவார்கள். மற்ற வகைகள் பலவற்றுக்குச் சிகிச்சை வேறு. எந்த மருந்து என்று டாக்டருக்குத் தெரிவதைப் பொறுத்தே ஊசி அமையும்.

இயந்திரமும் கிணறும்

மருந்துக்குச் சொன்ன பொறுப்பு மற்ற வேலைகளுக்கும் பொருந்தும். கதிரடிக்கும் இயந்திரங்களில் கையிழந்தோர் மிகுந்ததால்தான் 1983ஆம் ஆண்டில் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. கதிரைத் தள்ளும் சட்டியின் நீளம் 90 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, அதில் 45 சென்டிமீட்டராவது மேல்மூடி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. அந்த நீளம் ஒரு மனிதக் கையின் நீளத்தை வைத்து அமைந்தது. “தள்ள வசதியாக இல்லை” என்று மூடியைக் கழற்றிவிட்ட இயந்திரத்தை வாடகைக்கு எடுக்காதீர்கள். பெல்ட்டுக்கும் சுழலும் தண்டுக்கும் மறைப்பு வேண்டும். சேலைத் தலைப்பும், தோளில் தொங்கும் துண்டும், அவிழ்ந்த கூந்தலும் இயந்திரத்தருகே கூடாது. அடைப்பை எடுக்கும்போது என்ஜின் நின்றிருக்க வேண்டும்.

பாழுங்கிணற்றிலும், உள்ளே டீசல் என்ஜின் ஓடிய கிணற்றிலும் தூர்வார ஆளை இறக்காதீர்கள். அங்கு பிராணவாயு இல்லாமலோ, என்ஜின் புகையின் நச்சுக்காற்று தேங்கியோ இருக்கலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. விளக்கு எரிகிறது என்பதால் மட்டும் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. இறங்கியவர் மயங்கி விழுந்தால், காப்பாற்ற இன்னொருவர் பின்னாலேயே இறங்குவதுதான் நம் ஊர்களில் ஒரே கிணற்றில் இரண்டு மூன்று உயிர் போகக் காரணம். இறங்காமல் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள்.

ஆள் வருவதற்கு முதல் நாள்

கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

மருந்து தேவைதானா என்று வயலில் எண்ணிப் பார்த்தேனா?
முக்கோணத்தின் நிறம் பார்த்தேனா? சீட்டைப் படித்தேனா?
தெளிப்பானை நீர் ஊற்றிச் சோதித்தேனா?
கையுறை, கண்ணாடி, மூச்சுக் கவசம், தொப்பி, பூட்ஸ், முதுகுத் தாள் எல்லாம் எடுத்து வைத்தேனா?
சோப்பும், இரண்டு குடம் நல்ல நீரும், மாற்றுத் துணியும் தயாரா?
வேலை முடியும்வரை வயலில் யார் இருப்பார்?
பக்கத்து மருத்துவமனைக்குப் போக வண்டி எது?
வரும் ஆள் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தவரா? இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் அழைத்துச் சென்றேனா?

இவற்றில் ஒன்றுக்கு “இல்லை” என்று பதில் வந்தாலும், தெளிப்பதை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். ஒரு நாளில் கத்தரிக்காய் சற்று அதிகம் சொத்தையாகலாம். அந்த நட்டத்தை அடுத்த பறிப்பில் ஈடு செய்துவிடலாம்.

அந்தக் கத்தரித் தோட்டத்துக்காரரை இப்போதும் அவ்வப்போது பார்க்கிறேன். வீட்டுத் திண்ணையில் ஓர் ஆணி அடித்து இரண்டு ஜோடிக் கையுறையும் கண்ணாடியும் மாட்டி வைத்திருக்கிறார். பம்பு ரூமில் புட்டிகளுக்குப் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று இருக்கிறது. மருந்தடிக்க வருபவரிடம், “இத மாட்டிக்கினாதான் வரப்புல எறங்கணும்” என்று சொல்லிவிடுகிறார். பட்டறை வாசலில் கேட்ட கேள்வியை இப்போது வரப்பிலும் கேட்க ஒருவர் இருக்கிறார். உங்கள் வரப்பில் அந்தக் கேள்வியைக் கேட்பவர் நீங்களாக இருக்க வேண்டும்.

திருவள்ளூர் மாவட்ட உழவர்கள் தெளிப்பான் பராமரிப்பு, மருந்துத் தேர்வு ஆகியவை பற்றித் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், மற்றவர்கள் தத்தம் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தையும் அணுகிக் கேட்டறியலாம். போகும்போது உங்களிடம் வழக்கமாக மருந்தடிக்க வருபவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.